மத அதிகாரமும் உண்மையான விசுவாசமும்: சுவிசேஷம் வாசிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான்கு சுவிசேஷங்களையும் தொடர்ந்து வாசிக்கிறவருக்கு ஒரு விஷயம் சீக்கிரமே உறுத்தும். இயேசு கடுமையாகப் பேசியது பெரும்பாலும் வேதத்தைக் கரைத்துக் குடித்தவர்களிடம். கடவுளைப் பற்றி அதிகம் தெரியாதவர்களிடம் அவர் பெரும்பாலும் மென்மையாகவே பேசினார். அதிலிருந்து எழும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். சிலவற்றுக்கு விடை நீளும், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

இயேசு மத அதிகாரத்தையே எதிர்த்தாரா?

இல்லை. குஷ்டரோகி ஒருவனைச் சுகமாக்கியதும் அவர் சொன்ன முதல் வேலை, "போய் ஆசாரியனுக்கு உன்னைக் காண்பி" என்பது (மாற்கு 1:44). லேவியராகமம் 14ஆம் அதிகாரத்தின்படி, ஒருவன் சுத்தமானவன் என்று அறிவிக்கும் உரிமை ஆசாரியனுக்கு இருந்தது. அந்த வார்த்தை கிடைக்காமல் அவனால் வீட்டுக்குத் திரும்ப முடியாது, யாரோடும் உட்கார்ந்து சாப்பிட முடியாது. தள்ளி வைக்கப்பட்டவனை மறுபடியும் ஊருக்குள் சேர்ப்பதற்கு அந்த அதிகாரம் பயன்பட்டது. அதை இயேசு மதித்தார்.

ஜெப ஆலயத்துக்குப் போனார், பண்டிகைக்கு எருசலேமுக்குப் போனார். வேதபாரகரும் பரிசேயரும் மோசேயின் ஆசனத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆகவே அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள் என்றுகூடச் சொன்னார் (மத்தேயு 23:2, 3). அடுத்த மூச்சிலேயே, அவர்கள் செய்வதைப் போலச் செய்யாதிருங்கள் என்றார். ஆசனத்துக்கு மரியாதை உண்டு, அதில் உட்கார்ந்த ஒரே காரணத்தால் உட்கார்ந்தவரின் நடத்தைக்கு மரியாதை வந்துவிடாது. "அதிகாரமே வேண்டாம்" என்பவர்களும் "தலைவரைக் கேள்வி கேட்காதே" என்பவர்களும் இந்த வசனத்தைப் பாதி பாதியாகப் பிய்த்துக்கொள்கிறார்கள்.

"எந்த அதிகாரத்தினால் இதைச் செய்கிறீர்?" என்று கேட்டபோது அவர் ஏன் நேராகப் பதில் சொல்லவில்லை?

பின்னணி இது (மாற்கு 11:27–33). முந்தின நாள் தேவாலயத்தில் காசு மாற்றுகிறவர்களின் பலகைகளைக் கவிழ்த்திருந்தார். மறுநாள் பிரதான ஆசாரியரும் வேதபாரகரும் மூப்பரும் சேர்ந்து வந்து நிற்கிறார்கள். ஆலயத்தின் பொறுப்பு அவர்கள் கையில் இருந்தது. கேட்க வேண்டிய கேள்விதான், அதில் தவறில்லை.

இயேசு திருப்பிக் கேட்டார்: யோவானுடைய ஞானஸ்நானம் பரலோகத்திலிருந்து வந்ததா, மனிதரால் வந்ததா? அவர்கள் ஒதுங்கிப் பேசிக்கொண்டதை மாற்கு பதிவு செய்திருக்கிறார். பரலோகத்திலிருந்து என்றால், பிறகு ஏன் அவனை நம்பவில்லை என்று கேட்பார். மனிதரால் என்றால், யோவானைத் தீர்க்கதரிசி என்று எண்ணும் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள். கடைசியில் "எங்களுக்குத் தெரியாது" என்றார்கள்.

அந்தப் பேச்சில் "உண்மை எது?" என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. எந்தப் பதில் சொன்னால் என்ன நடக்கும் என்ற கணக்கு மட்டும்தான் ஓடியது. "தெரியாது" என்பது நேர்மையான பதிலாக இருந்திருந்தால், உரையாடல் தொடர்ந்திருக்கும் என்றே நினைக்கிறேன். உண்மையைத் தேடாதவரிடம் ஆதாரத்தைக் காட்டிப் பயனில்லை என்பதால் அவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

இவர்கள் எல்லாரும் ஒரே கூட்டமா?

இல்லை. பிரசங்கங்களில் எல்லாரையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

ஆலயத்தை நடத்தியவர்கள் பிரதான ஆசாரியக் குடும்பங்கள்; அவர்களில் பலர் சதுசேயர் என்ற பிரிவினர். அவர்களுடைய பதவி ரோமருடைய தயவில் நின்றது. அன்னா கி.பி. 6 முதல் 15 வரை பிரதான ஆசாரியராக இருந்தார். அவருடைய மருமகன் காய்பா, ஏறக்குறைய 18 முதல் 36 வரை. ஆளுநர்கள் விரும்பியபடி ஆசாரியரை மாற்றிக்கொண்டிருந்த காலத்தில், ஒருவர் இவ்வளவு காலம் தாக்குப்பிடித்தார் என்றால் ரோமரோடு ஒத்துப்போனார் என்றுதான் பொருள். பண்டிகை நாளில் பிரதான ஆசாரியர் அணியும் உடைகூட அப்போது ரோமரின் காவலில், ஆலயத்தை ஒட்டிய அந்தோனியா கோட்டையில் இருந்தது என்று யூத வரலாற்றாசிரியர் யோசேப்பு எழுதுகிறார். பண்டிகைக்கு எடுத்துக்கொடுத்து, முடிந்ததும் திரும்ப வாங்கிவைத்தார்கள்.

பரிசேயர் வேறு. பெரும்பாலும் ஆசாரியர் அல்லாதவர்கள். ஆலயத்தில் கடைப்பிடிக்கும் பரிசுத்தத்தை அன்றாட வாழ்க்கையிலும் சாப்பாட்டு மேசையிலும் கடைப்பிடிக்க முயன்ற இயக்கம். ஏரோது ராஜாவின் காலத்தில் அவர்கள் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் என்கிறார் யோசேப்பு. ஜனங்களிடம் அவர்களுக்கு நல்ல பெயர் இருந்தது. வேதபாரகர் என்பது கட்சியின் பெயரே இல்லை. நியாயப்பிரமாணத்தை எழுதவும் விளக்கவும் படித்தவர்களின் தொழில். பரிசேயரிலும் வேதபாரகர் உண்டு.

இயேசுவைக் கொல்ல ஏற்பாடு செய்ததில் முன்னால் நின்றவர்கள் ஆலயத் தலைவர்கள். அவரோடு ஊர் ஊராக விவாதம் செய்தவர்கள் பரிசேயர். இரண்டும் இரண்டு விதமான மோதல்.

அப்படியானால் பரிசேயர் எல்லாரும் மாயக்காரரா?

அவர்களில்தான் நிக்கொதேமு இருந்தார். இரவில் வந்து கேள்வி கேட்டவர், பிறகு ஆலோசனைச் சங்கத்தில் நியாயம் பேசினார், கடைசியில் பகிரங்கமாக அடக்கத்துக்கு வாசனைத் திரவியம் கொண்டுவந்தார் (யோவான் 3, 7, 19). "ஏரோது உம்மைக் கொல்லப் பார்க்கிறான், இங்கிருந்து போய்விடும்" என்று எச்சரித்தவர்களும் பரிசேயர்தான் (லூக்கா 13:31). அப்போஸ்தலரை விட்டுவிடுங்கள் என்று சொன்ன கமாலியேல் ஒரு பரிசேயர். பவுல் தன்னைப் பரிசேயன் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்படவில்லை.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. "பரிசேயன்" என்பதை வசைச்சொல்லாக்கி, அதிலிருந்து யூத ஜனம் முழுவதையும் பழித்த நீண்ட, கேவலமான வரலாறு கிறிஸ்தவ சபைக்கு இருக்கிறது. இயேசுவின் பாடுகளுக்கான பழியை அன்றைய யூதர் எல்லார்மேலும், இன்றைய யூதர்மேலும் சுமத்தக்கூடாது என்று கத்தோலிக்க சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல்தான் அறிவித்தது. இயேசுவும் யூதர், அவருடைய தாயும் சீஷர்களும் யூதர். அந்தச் சண்டை ஒரே வீட்டுக்குள் நடந்தது.

மத்தேயு 23இல் வரும் "உங்களுக்கு ஐயோ" யாருக்கு?

அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பாருங்கள்: ஜனங்களையும் தம்முடைய சீஷர்களையும் நோக்கிப் பேசினார் என்றிருக்கிறது. மத்தேயு இதை எழுதும்போது, பெரும்பாலான ஆய்வாளரின் கணிப்புப்படி, ஆலயம் 70இல் இடிந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய ஆசாரிய வர்க்கமே கலைந்துபோய்விட்டது. அப்படியும் இவ்வளவு நீளமாக எழுதிவைத்தார் என்றால், தம் சபைக்குள்ளேயே அதே நோய் தலைகாட்டுவதைப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

குற்றச்சாட்டுகளை இன்றைய கண்ணோடு வாசித்தால் பழசாகவே தெரியாது. சுமப்பதற்கு அரிய சுமைகளை மனிதர் தோளில் கட்டி, தாங்கள் ஒரு விரலாலும் தொடாமல் இருப்பது. விருந்தில் முதன்மையான இடத்தை விரும்புவது. நீண்ட ஜெபம் பண்ணுவது. புதினாவிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி, நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிடுவது. சிறு கீரையில் பத்தில் ஒன்றைப் பிரித்தெடுப்பதை இயேசு கேலி செய்யவில்லை. "அவைகளையும் விடாதிருக்கவேண்டும்" என்றுதான் முடிக்கிறார். ஒழுங்கு தப்பிப்போனதே அவருடைய ஆத்திரம்.

முப்பத்தேழாம் வசனத்துக்கு வரும்போது குரல் மாறுகிறது. "எருசலேமே, எருசலேமே" என்று அழுகிறார். அந்த அழுகையை விட்டுவிட்டு "ஐயோ"க்களை மட்டும் பிரசங்கிப்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

சட்டப்படி சரியாக நடந்துகொண்டே கடவுளை மீறமுடியுமா?

கொர்பான் விவகாரம் அதைத்தான் காட்டுகிறது (மாற்கு 7:9–13). ஒருவன் தன் பொருளை "இது கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று அறிவித்துவிட்டால், அதை வயதான தாய் தகப்பனுக்குக் கொடுக்க வேண்டியதில்லை என்று ஆனது. நேர்ந்துகொண்டதை மீறக்கூடாது என்பது வேதத்திலேயே இருக்கும் கட்டளை. தாய் தகப்பனைக் கனம்பண்ணு என்பதும் அதே வேதத்தில் இருக்கிறது. அவன் திரும்பிவந்து, "பெற்றோர் பட்டினி கிடக்கிறார்கள், விடுவியுங்கள்" என்று கேட்டாலும் போதகர்கள் அனுமதிக்கவில்லை என்பதே இயேசுவின் குற்றச்சாட்டு. பக்தியின் பெயரால் பெற்றோரைக் கைவிடுவதற்கு மத அதிகாரம் முத்திரை குத்திக்கொடுத்தது.

பிற்கால ரபிமார்களே, பெற்றோரை முன்னிட்டு இப்படிப்பட்ட பொருத்தனையிலிருந்து ஒருவனை விடுவிக்க வழி செய்தார்கள். அது அவர்களுடைய சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கிறது. அந்த மரபும் தன்னைத் திருத்திக்கொள்ளத் தெரிந்த மரபுதான்.

பரிசேயனும் ஆயக்காரனும் உவமையில், ஆயக்காரன் செய்தது என்ன? வருத்தப்பட்டால் போதுமா?

ஜெபம்பண்ண ஆலயத்துக்குப் போன இருவரின் கதை இது: ஒருவன் பரிசேயன், மற்றவன் வரி வசூலிக்கும் ஆயக்காரன். பரிசேயன் பொய் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு தரம் உபவாசம், எல்லாச் சம்பாத்தியத்திலும் தசமபாகம். இரண்டும் கட்டளை கேட்டதைவிட அதிகம். ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு, "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்றான். நீதிமானாக்கப்பட்டவனாய் வீட்டுக்குப் போனவன் அவன் (லூக்கா 18:9–14).

ஆனால் அவன் வாங்கிய லஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்தானா, வேலையை விட்டானா? உவமை சொல்லவில்லை. இதைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் விட்டால் கணக்கு முடிந்தது என்று சிலர் சொல்வார்கள். லூக்கா அதற்கு இடம் கொடுக்கவில்லை. அடுத்த அதிகாரத்திலேயே சகேயுவை, ஆயக்காரருக்குத் தலைவனை, மரத்திலிருந்து இறக்கிக் கொண்டுவருகிறார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு; அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை திரும்ப. முதல் ஆயக்காரன் ஆலயத்தில் சொன்ன ஜெபம், இரண்டாம் ஆயக்காரனின் பணப்பையில் போய் முடிகிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும்.

உண்மையான விசுவாசம் என்றால் சந்தேகமே இருக்கக்கூடாதா?

"விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று அழுத தகப்பனின் மகன் சுகமானான் (மாற்கு 9:24). உயிர்த்தெழுந்தவரை மலையில் பணிந்துகொண்டபோதும் "சிலரோ சந்தேகப்பட்டார்கள்" என்று மத்தேயு ஒளிக்காமல் எழுதுகிறார் (28:17). அடுத்த வசனங்களில் அதே கூட்டத்துக்குத்தான் கட்டளை கொடுக்கப்படுகிறது. சந்தேகப்பட்டவர்களை முதலில் வெளியே அனுப்பவில்லை.

அதிகாரத்தைச் சரியாகப் புரிந்துகொண்டவர் யாராவது உண்டா?

ஒரு ரோமப் படைத்தலைவர். நூற்றுக்கு அதிபதி. லூக்காவின் வடிவத்தை வாசியுங்கள் (7:1–10). யூத மூப்பர்கள் அவருக்காகப் பரிந்து பேசுகிறார்கள்: இவர் தகுதியானவர், நமக்கு ஜெப ஆலயம் கட்டிக்கொடுத்தார். அவரோ, நீர் என் வீட்டுக்குள் வர நான் தகுதியானவன் அல்ல என்று சொல்லி அனுப்புகிறார். பிறர் கொடுத்த சான்றிதழை அவர் நீட்டவில்லை.

நானும் அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்டவன், எனக்குக் கீழேயும் சேவகர் உண்டு, ஒருவனைப் போ என்றால் போகிறான் என்றார். தன் வார்த்தைக்கு வலிமை வருவது, தான் வேறொருவருக்குக் கீழ்ப்பட்டிருப்பதால் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவும் எதற்காக? சாகக் கிடந்த ஒரு வேலைக்காரனுக்காக. இஸ்ரவேலிலும் இப்படிப்பட்ட விசுவாசத்தைக் காணவில்லை என்று இயேசு ஆச்சரியப்பட்டார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிற ஊழியத் தலைவர்கள் இந்த இராணுவக்காரரிடம் பாடம் படிக்கலாம்.

ஏழை விதவையின் இரண்டு காசு: அது பாராட்டா, வேதனையா?

காணிக்கை நேரத்தில் இந்தப் பகுதியை வாசிக்காத சபை குறைவு. அவள் தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டாள், நாமும் கொடுப்போம். கதை அங்கே முடிந்துவிடும்.

மாற்கு அதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள். அதற்குச் சற்று முன் (12:40), விதவைகளின் வீடுகளைப் பட்சித்து, பார்வைக்காக நீண்ட ஜெபம் பண்ணும் வேதபாரகரைக் குறித்து இயேசு எச்சரிக்கிறார். உடனே ஒரு விதவை வருகிறாள். அவளிடம் இருந்தது யூதேயாவில் புழங்கிய நாணயங்களிலேயே மிகச் சிறியவை இரண்டு. ஒரு நாள் கூலியான பணத்தில், அதாவது தெனாரியத்தில், அந்த இரண்டும் சேர்ந்து 64இல் ஒரு பங்கு. அதையும் பெட்டியில் போட்டுவிட்டுப் போகிறாள். அடுத்து (13:1, 2) சீஷன் ஒருவன் ஆலயத்தின் கல்லைப் பார்த்து வியக்க, ஒரு கல்லின்மேல் ஒரு கல் இராதபடிக்கு எல்லாம் இடிக்கப்படும் என்கிறார் இயேசு.

முன்னால் விதவையின் வீட்டைத் தின்னுகிறவர்கள், பின்னால் இடியப்போகிற கட்டடம், நடுவில் அவள். "நீங்களும் போய் இப்படியே செய்யுங்கள்" என்று இயேசு இங்கே சொல்லவில்லை. அவளுடைய விசுவாசம் உண்மையானது, அதை அவர் எல்லாரையும்விடப் பெரிதாக மதித்தார். ஆனால் அந்தக் காசை அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட அமைப்பையும் அதே இடத்தில் நியாயந்தீர்க்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். பாராட்டாக மட்டும் வாசிப்பவர்களும் உண்டு. அவர்களிடம் என் ஒரே வேண்டுகோள்: அடுத்த முறை காணிக்கைக்கு இதை வாசிக்கும்போது, 41ஆம் வசனத்தில் தொடங்காமல் 38இல் தொடங்குங்கள்.

போதகர் தவறு செய்தவர் என்று தெரியவந்தால், அவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா?

செல்லும் என்பதே சபையின் பெரும்பான்மைத் தீர்ப்பு. தியோக்கிலேத்தியன் என்ற ரோமப் பேரரசர் 303இல் தொடங்கிய துன்புறுத்தலில், வட ஆப்பிரிக்கக் குருமார் சிலர் வேதப் பிரதிகளை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் கைவைத்து ஏற்படுத்திய பேராயரை ஏற்கமாட்டோம் என்று ஒரு பெரிய கூட்டம் பிரிந்தது. தொனாத்துவினர் என்று அவர்களுக்குப் பெயர். 314இல் ஆர்ல் நகரத்தில் கூடிய சங்கம் அவர்களுக்கு எதிராகத் தீர்த்தது. 411இல் கார்த்தேஜில் நடந்த விவாதத்திலும் அவர்கள் தோற்றார்கள். அங்கே எதிர்வாதம் செய்த பேராயர் அகுஸ்தீனின் கருத்து எளிது: ஞானஸ்நானம் கிறிஸ்துவினுடையது, கொடுத்தவரின் சொத்து அல்ல.

தொனாத்துவினர்மேல் எனக்கு அனுதாபம் உண்டு. உயிரைக் கொடுத்தவர்களின் உறவினர் கேட்ட கேள்வி அது. ஆனால் கொடுப்பவரின் உள்ளத்தைப் பார்த்துத்தான் அருள் வரும் என்றால், யாருக்கும் எதுவும் நிச்சயமில்லை.

ஒன்று மட்டும் மறக்கக்கூடாது. ஞானஸ்நானம் செல்லும் என்பது, அவர் பதவியில் தொடரலாம் என்று ஆகாது. 1571இல் நிலைபெற்ற ஆங்கிலிக்கன் முப்பத்தொன்பது விதிகளில் 26ஆவது விதி இரண்டையும் சேர்த்தே சொல்கிறது: குருவின் தீமை ஞானஸ்நானம் போன்ற சாக்கிரமெந்தின் பலனைக் கெடுக்காது, ஆனால் தீயவரை விசாரித்து, குற்றம் உறுதியானால் நீக்க வேண்டும். முதல் பாதியை உடனே எடுத்துச் சொல்பவர்கள் இரண்டாம் பாதியை அவ்வளவு எளிதில் சொல்வதில்லை.

"சகோதரனோடு தனித்துப் பேசு" என்ற மத்தேயு 18ஐக் காட்டி, குற்றத்தை வெளியே சொல்லாதே என்கிறார்களே?

அந்தப் பகுதி, ஒருவருக்கொருவர் சமமாக நிற்கிற சகோதரர்களுக்குள் வரும் குற்றத்தைப் பற்றியது. அங்கேயும் அது இரகசியத்தில் முடிவதில்லை: முதலில் தனியாக, பிறகு சாட்சிகளோடு, பிறகு சபைக்கு முன்பாக. படிக்குப் படி வெளிச்சம்தான் கூடுகிறது. அதே அதிகாரத்தில் சற்று முன்னால், சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் எந்திரக்கல்லைக் கட்டி ஆழ்த்துவது அவனுக்கு நலம் என்றிருக்கிறது (18:6). பிள்ளைக்கு எதிரான கொடுமையோ பாலியல் குற்றமோ என்றால் காவல்துறைக்குச் சொல்லுங்கள். சபையின் பெயரைக் காப்பாற்றச் சொல்லி ஒரு வசனமும் இல்லை.

"ஒருவனையும் பிதா என்று அழைக்காதிருங்கள்" என்றாரே. ஃபாதர், ரெவரெண்ட் என்று அழைப்பது பாவமா?

பட்டத்தை ஒழித்த சபைகளிலும் பதவி மோகம் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. "பிரதர்" என்று மட்டும் அழைக்கப்பட்டு ராஜாவைப் போல நடந்துகொள்ளலாம். "ஃபாதர்" என்று அழைக்கப்பட்டு நோயாளியின் கட்டிலை மாற்றிக்கொடுக்கவும் செய்யலாம். "உங்களில் பெரியவனாயிருக்கிறவன் உங்களுக்கு ஊழியக்காரனாயிருக்கக்கடவன்" என்று அந்தப் பேச்சு போய்ச் சேர்கிறது (மத்தேயு 23:11). அங்கே கண்ணை வைத்தால் போதும்.

பேதுருவுக்குக் கொடுத்த திறவுகோல்கள் இன்று யாரிடம்?

மத்தேயு 16:18, 19இல்தான் சபைகளுக்குள் பெரிய பிரிவு. கத்தோலிக்கர் அந்தப் பொறுப்பு பேதுருவின் வழிவந்த ரோமப் பேராயரிடம், அதாவது போப்பிடம், தொடர்கிறது என்கிறார்கள்; விசுவாசத்தையும் ஒழுக்கத்தையும் குறித்து அவர் முறைப்படி வரையறுப்பது தவறாது என்று முதல் வத்திக்கான் சங்கம் 1870இல் தீர்மானித்தது. கிழக்குத் திருச்சபைகள் பேராயர்கள் கூடும் சங்கத்தில் அதிகாரத்தைக் காண்கின்றன. 325 முதல் 787 வரை கூடிய ஏழு பொதுச்சங்கங்களை ஆர்த்தொடாக்ஸ் சபையினர் விசேஷமாக மதிக்கிறார்கள். சீர்திருத்தச் சபைகள் வேதமே கடைசி அளவுகோல் என்பார்கள், ஆனால் அந்த வேதத்தை யார் விளக்குவது என்பதில் தங்களுக்குள் பலவாறு பிரிந்து நிற்கிறார்கள்.

கட்டவும் அவிழ்க்கவும் பேதுருவுக்குச் சொன்ன அதே வார்த்தை 18:18இல் எல்லாச் சீஷருக்கும் சொல்லப்படுகிறது. திறவுகோலைப் பெற்ற சில வசனங்களுக்குள் பேதுரு "எனக்குப் பின்னாகப்போ, சாத்தானே" என்று கண்டிக்கப்படுகிறார். எந்தச் சபையின் விளக்கமானாலும் இவ்விரண்டு இடங்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

அற்புதம் செய்கிறவருக்கு அதிகாரம் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. உமது நாமத்தினாலே பிசாசுகளைத் துரத்தினோமே, அநேக அற்புதங்களைச் செய்தோமே என்பவர்களிடம், ஒருக்காலும் உங்களை அறியவில்லை என்பார் (மத்தேயு 7:22, 23). அதே பகுதியில் கனிகளினால் அறிவீர்கள் என்கிறார். கனி பழுக்க நாளாகும், ஒரு கூட்டத்தில் தெரியாது.

சபையில் அடிபட்டு வெளியே வந்துவிட்டேன். சபை இல்லாமல் விசுவாசத்தில் இருக்கமுடியுமா?

யோவான் 9ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனாயிருந்தவன், தான் பார்த்ததை மாற்றிச் சொல்ல மறுத்ததால் தள்ளிவிடப்பட்டான். அவனைப் புறம்பே தள்ளினதை இயேசு கேள்விப்பட்டு, அவனைக் கண்டு பேசினார் என்றிருக்கிறது (9:35). வெளியே தள்ளப்பட்டது அவனுடைய விசுவாசத்தின் முடிவாக இல்லை. "நான் விசுவாசிக்கிறேன்" என்று அவன் சொன்னதே அதற்குப் பிறகுதான்.

ஆகவே உங்களை யாரும் அவசரப்படுத்த உரிமையில்லை. என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன்: நெடுநாள் தனியாக இருப்பது பலருக்கு உதவுவதில்லை. தனியாக இருக்கும்போது நம்மைத் திருத்த ஆளில்லை, நாமே நமக்குப் பிரதான ஆசாரியராகிவிடுகிறோம். இரண்டு மூன்று பேர் என்பது சிறிய கூட்டம்தான்; அந்த எண்ணுக்குத்தான் வாக்குத்தத்தம் இருக்கிறது (மத்தேயு 18:20). கேள்வி கேட்டால் கோபப்படாத இரண்டு பேரைத் தேடுங்கள்.

இதையெல்லாம் நானே வாசித்துப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

மாற்கு 11:27 முதல் 13:2 வரை, ஒரே அமர்வில், தலைப்புகளைக் கண்டுகொள்ளாமல். அரைமணி நேரம்கூட ஆகாது. நடுவில் 12:28–34இல் வரும் வேதபாரகரைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அவர் கேட்கிறார், இயேசுவின் பதில் சரி என்று எல்லார் முன்னிலையிலும் ஒப்புக்கொள்கிறார், அன்பு எல்லாப் பலிகளையும்விட முக்கியம் என்று ஆலய வளாகத்திலேயே நின்று சொல்கிறார். "நீ தேவனுடைய ராஜ்யத்துக்குத் தூரமானவனல்ல" என்றார் இயேசு. அதன் பிறகு அவர் என்ன ஆனார் என்று மாற்கு எழுதவில்லை.